சட்டம் படிக்காதவர் சட்டத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாமா?

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். எனக்கு 23 வயது. பாம்பன் பக்கம் கடற்கரைக் கிராமம். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். அம்மா தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போவார். நான் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தபடி சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கிறேன். விருப்பப் பாடம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. எனக்குச் சட்டம் எடுக்க ஆசை. ஆனால், 'அதெல்லாம் வக்கீலுக்குப் படித்தவர்கள் எடுக்கிறது, நீ புவியியலோ தமிழ் இலக்கியமோ எடுத்துக்கொள்' என்கிறார்கள். முதலில் மூன்று வருடம் சட்டம் படித்துவிட்டு எழுதட்டுமா? தமிழில் எழுத முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?
- பெயர் வெளியிட வேண்டாம், பாம்பன்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். சட்டம் எடுக்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் ஆசை என்று எழுதவில்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் இன்னும் நேராகப் பதில் சொல்லியிருப்பேன். பரவாயில்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். நான் ராமநாதபுரத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். அதற்கு முன்னால் சட்டத்தையே விருப்பப் பாடமாக வைத்து இரண்டு முறை முதன்மைத் தேர்வு எழுதியவள். பணி கிடைக்கவில்லை, ஆனால் பாடம் விடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் நாலைந்து பிள்ளைகள் விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். உட்கார்ந்து திருத்திக் கொடுப்பேன். அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். சட்டத்தை விருப்பப் பாடமாக எடுக்கச் சட்டப் பட்டம் தேவையில்லை. பி.எஸ்சி. கணிதம் போதும். முதன்மைத் தேர்வில் தரவரிசைக்குச் சேரும் மதிப்பெண் 1750. அதில் விருப்பப் பாடத்துக்கு இரண்டு தாள், ஒவ்வொன்றும் 250. நேர்முகத் தேர்வு 275. ஆக 2025-க்கு 500 மதிப்பெண் நீங்கள் தேர்ந்தெடுக்கும் பாடத்தில் இருக்கிறது. கட்டுரை, நான்கு பொது அறிவுத் தாள்கள் எல்லாம் எல்லோருக்கும் பொது. நீங்களாகத் தேர்ந்தெடுக்கக் கூடியது இந்த 500 மட்டும்தான். அதனால் ஊரில் யார் என்ன எடுத்தார்கள் என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இந்தத் தேர்வுக்காக மட்டும் மூன்று வருடம் சட்டக் கல்லூரிக்குப் போக வேண்டாம். ராமநாதபுரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, வக்கீலாக வேண்டும் என்று நினைத்தால் தாராளமாகச் சேருங்கள், நல்ல தொழில். ஆனால் அங்கே படிக்கும் பாடங்களில் பாதி இந்தத் தேர்வில் இல்லை. சிவில் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம், குடும்பச் சட்டம், சொத்துரிமை மாற்றுச் சட்டம் எதுவும் இந்தப் பாடத்திட்டத்தில் கிடையாது. உங்கள் வயதில் மூன்று வருடம் பெரிய காலம். இன்னொன்று, பட்டம் வாங்கினால் சிவில் நீதிபதி தேர்வாவது எழுதலாமே என்று யாராவது சொல்லலாம். அதற்கும் இப்போது மூன்று வருடம் வழக்கறிஞராகப் பணி செய்திருக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதையும் கணக்கில் வையுங்கள்.

மொழி பற்றிக் கேட்டிருந்தீர்கள். தமிழில் எழுதலாம். ஆனால் விருப்பப் பாடக் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் அச்சாகும். படிக்க வேண்டிய தீர்ப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். விதியில் ஒரு வசதி இருக்கிறது, பல பேருக்குத் தெரியாது. கட்டுரையையும் பொது அறிவுத் தாள்களையும் தமிழில் எழுதுகிறவர், விருப்பப் பாடத்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம். சட்டத்துக்கு அதுதான் நல்லது என்பது என் கருத்து. தமிழ் போதாது என்பதால் சொல்லவில்லை. நீங்கள் ஆங்கிலத்தில் படித்த சட்டச் சொல்லை, ஒரு சின்னக் கேள்விக்குக் கிடைக்கும் ஏழு நிமிடத்துக்குள் தமிழாக்கி எழுதுவது இரட்டை வேலை, அதற்காகச் சொல்கிறேன். உங்கள் ஆங்கிலம் எப்படி என்று எனக்குத் தெரியாது. இலக்கணப் பிழை ஒன்றிரண்டு இருந்தாலும் சட்டத்தில் அது பெரிய குறை இல்லை. சின்னச் சின்ன வாக்கியமாக, தெளிவாக எழுதினால் போதும்.

சரி, இப்போது உண்மையான கேள்விக்கு வருவோம். சட்டம் உங்களுக்கு ஒத்துவருமா?

சட்டம் என்றால் பிரிவு எண்களை மனப்பாடம் செய்வது என்று வெளியில் நினைக்கிறார்கள். எண் வேண்டும்தான். ஆனால் மதிப்பெண் கிடைப்பது எண்ணுக்கு இல்லை. ஒரு விதி எதற்காக வந்தது, எதுவரைக்கும் போகும், எங்கே நின்றுவிடும், இந்தச் சம்பவத்துக்குப் பொருந்துமா என்று படிப்படியாகப் போவதற்கு மதிப்பெண். கணிதம் படித்தவர் என்பதால் உங்களுக்கு இது பழக்கமான வேலை. தேற்றத்தை ஒப்பித்தால் கணக்கு வராது, எந்த நிபந்தனையில் செல்லும் என்று பார்த்தால்தான் வரும் இல்லையா? அதே கதைதான்.

உங்கள் வீட்டிலிருந்தே ஓர் உதாரணம் எடுக்கிறேன். அம்மா பாசி எடுக்கப் போகிறார் என்று எழுதியிருந்தீர்கள். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் இருக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. அதற்குப் பிறகு வனத்துறைக்கும் பாசி எடுக்கும் பெண்களுக்கும் நடக்கிற இழுபறியை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைக் கேள்வியாக வைத்தால் என்னிடம் வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் எழுதுவார்கள்: 'ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் வாழ்வாதாரமும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்றது. ஆகவே அரசியலமைப்பின் பிரிவு 21-இன்படி இந்தத் தடை செல்லாது.'

இரண்டு வரி. இரண்டாவது வரி தப்பு.

அந்தத் தீர்ப்பை முழுசாகப் படித்தவருக்கு ஏன் தப்பு என்று தெரியும். பம்பாய் நடைபாதையில் குடியிருந்தவர்களின் வழக்கு அது. வாழ்வாதாரம் பிரிவு 21-க்குள் வரும் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது உண்மை. ஆனால் அந்த மக்கள் வழக்கில் ஜெயிக்கவில்லை. நியாயமான நடைமுறையைப் பின்பற்றி அகற்றலாம் என்றுதான் நீதிமன்றம் முடித்தது. மழைக்காலம் முடியட்டும் என்று 1985 அக்டோபர் 31 வரைக்கும் தவணை கொடுத்தது. முன்னறிவிப்பு இல்லாமலே அகற்றலாம் என்று மாநகராட்சிச் சட்டத்தில் இருந்த விதியைக் கூட ரத்து செய்யவில்லை. 'அறிவிப்பு கொடுக்காமல் விடலாம்' என்பது விதிவிலக்கான சமயத்துக்கான அதிகாரம், வழக்கமாக அறிவிப்பு கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும் என்று பொருள் சொன்னது. உரிமை இருக்கிறது, அதை நியாயமான வழியில் பறிக்கவும் முடியும். இரண்டும் ஒரே தீர்ப்பில்.

இதைப் படித்த கண்ணோடு அம்மாவின் பிரச்சினைக்கு வாருங்கள். தடை போடச் சட்டம் இருக்கிறதா? இருக்கிறது, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அந்தச் சட்டமே நடைமுறை ஏதாவது சொல்கிறதா? சொல்கிறது. பிரிவு 26ஏ-யைப் புரட்டுங்கள். கடல் பகுதியைச் சரணாலயத்துக்குள் கொண்டுவரும்போது, உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்கப் போதிய நடவடிக்கை எடுத்த பிறகுதான் எல்லை குறிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. இப்போது கேள்வி மாறிவிட்டது. தடை போடலாமா கூடாதா என்பது போய், அந்த நடவடிக்கை எடுத்தார்களா, எடுக்காமல் குறித்த எல்லை நிற்குமா என்று ஆகிவிட்டது. இதைத்தான் சட்டபூர்வமான பதில் என்கிறேன். இந்த மாற்றம் நடக்கிற இடத்தில் உங்களுக்கு ஒரு சந்தோஷம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இந்தப் பாடம் உங்களுக்கானது. 'என்னடா இது, நேராகச் சொல்லாமல் சுற்றுகிறார்கள்' என்று எரிச்சல் வந்தால் வேறு பாடம் பார்ப்பது நல்லது. எரிச்சலோடு ஆறு மாதம் படிக்க முடியாது.

பாடத்திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் தாளில் அரசியலமைப்பு மற்றும் நிர்வாகச் சட்டம், அப்புறம் பன்னாட்டுச் சட்டம். இரண்டாம் தாளில் குற்றவியல், தீங்கியல் (ஒருவர் செய்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் சட்டம்), ஒப்பந்தம் மற்றும் வணிகச் சட்டம், கடைசியில் சமகாலச் சட்ட வளர்ச்சிகள் என்று ஒரு பகுதி: பொதுநல வழக்கு, தகவல் உரிமை, சுற்றுச்சூழல், சைபர் சட்டம் இந்த மாதிரி. இதில் அரசியலமைப்பு உங்களுக்கு ஏற்கெனவே பாதி தெரியும். மற்றவர்கள் பயப்படுவது பன்னாட்டுச் சட்டத்துக்கு. நமக்கு அது பயப்பட வேண்டிய பகுதியே இல்லை. பாக் நீரிணையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு 12 கடல் மைல் (நாட்டின் ஆட்சிக்கடல்), 24 கடல் மைல் (அதை அடுத்த மண்டலம்), 200 கடல் மைல் (பொருளாதார மண்டலம்) என்றால் என்ன என்று யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டாம். ஆனால் அதிலேயே ஒரு குழியும் இருக்கிறது. என் கதையைச் சொன்னால் புரியும்.

முதல் தடவை தயாரானபோது ஒரு மாதிரித் தேர்வில் கடல் எல்லை ஒப்பந்தங்கள் பற்றிக் கேள்வி. கச்சத்தீவு என்றதும் எனக்குக் கை தானாக ஓடியது. ராமநாதபுரம் ராஜா, அந்தோணியார் கோயில் திருவிழா, எங்கள் தாத்தா அங்கே வலை காயப்போட்ட கதை, எல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். திருத்திய மூத்த வழக்கறிஞர் கடைசியில் சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: 'இதில் சட்டம் எங்கே?' 20-க்கு 4. அன்றைக்கு அழுதேன். பிறகு அதே பதிலை ஒரு வாரம் உட்கார்ந்து மறுபடி எழுதினேன். அந்த ஒரு வாரத்தில் கற்றதுதான் இன்றைக்கும் என் தொழிலுக்கு அடிப்படை.

அந்த மறுபதில் எப்படிப் போனது என்று சொல்கிறேன், முறை பிடிபடும். இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை வகுத்து, கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்ட 1974 ஜூன் ஒப்பந்தத்தை எடுத்தேன். பிரிவு 5: இந்திய மீனவர்களும் யாத்ரிகர்களும் முன்புபோலவே கச்சத்தீவுக்குப் போகலாம், பயண ஆவணமோ விசாவோ வேண்டாம். பிரிவு 6: இரு நாட்டுக் கலங்களும் அடுத்தவர் கடலில் பாரம்பரியமாக அனுபவித்த உரிமையைத் தொடரும். நம்மவர்கள் இந்த இரண்டையும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். ஆனால் 1976 மார்ச்சில் இரண்டு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதம் இருக்கிறது. ஒருவர் கடலில் மற்றவர் வெளிப்படையான அனுமதி இல்லாமல் மீன்பிடிக்கக் கூடாது என்று அதில் வருகிறது. அப்படியானால் பிரிவு 6-இல் சொன்ன உரிமை வெறும் கப்பல் போக்குவரத்துக்கா, மீன்பிடிக்குமா? பின்னால் வந்த கடிதம் முன்னால் வந்த ஒப்பந்தத்தைச் சுருக்குமா? உடன்படிக்கைகளுக்குப் பொருள் கொள்ளும் விதிகள் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. அவற்றை இங்கே கொண்டுவந்து பொருத்த வேண்டும்.

அடுத்து நம் உள்நாட்டுச் சட்டம். தீவைக் கொடுக்க அரசியலமைப்பைத் திருத்தியிருக்க வேண்டாமா? 1960-இல், பெருபாரி என்ற பகுதியை அன்றைய பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் விவகாரத்தில், இந்திய நிலத்தை வேறு நாட்டுக்கு விட்டுக்கொடுக்க அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்காகவே ஒன்பதாவது திருத்தம் வந்தது. ஆனால் 1969-இல் மகன்பாய் வழக்கில், கட்ச் பகுதி எல்லைத் தகராறு பற்றி, எல்லை எது என்பதில் இருக்கிற சச்சரவைத் தீர்த்துக்கொள்வது நிலத்தை விட்டுக்கொடுப்பது ஆகாது, திருத்தம் வேண்டாம் என்றது. அப்படியானால் கச்சத்தீவு 'விட்டுக்கொடுத்த நிலமா', 'சச்சரவில் இருந்த நிலமா'? மொத்தச் சண்டையும் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் எடுத்து வைத்து, எது வலுவானது என்று காரணத்தோடு சொல்ல வேண்டும். என் மனசு எந்தப் பக்கம் என்று விடைத்தாள் திருத்துகிறவருக்குத் தேவையில்லை, என் காரணம் மட்டும்தான் தேவை. நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இது கஷ்டம், ஏனென்றால் நம் வீட்டு ஆட்கள் அந்தக் கடலில் அடிபட்டு வந்திருக்கிறார்கள். அந்த வேதனை வேலை செய்யத் தூண்டட்டும். எழுதும்போது அந்த இடத்தில் பிரிவும் வழக்கும் நிற்க வேண்டும்.

முதல் வழக்காக எதைப் படிப்பது என்று கேட்டால், கேசவானந்த பாரதி என்று எல்லோரும் சொல்வார்கள். அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்று சொன்ன பெரிய வழக்கு அது, 13 நீதிபதிகள், ஏழுக்கு ஆறு. தொடக்கத்தில் அதில் இறங்கினால் மூச்சு முட்டும். நான் உங்களுக்கு நம் ஊர் வழக்கு ஒன்று தருகிறேன். அண்ணாகுமாரு பிள்ளை எதிர் முத்துபாயல். சென்னை உயர் நீதிமன்றம், நூறு வருடத்துக்கும் மேலே பழையது. பாக் விரிகுடாவில், ராமநாதபுரம் கரைக்கு அப்பால் இருந்த சங்குப் படுகையில் மூழ்கிச் சங்கு எடுத்ததற்காகத் திருட்டு வழக்கு.

கீழக்கரையில் சங்கு குளிக்கப் போகிறவர்களை உங்களுக்குத் தெரியும். கடலுக்கு அடியில் கிடக்கும் உயிருள்ள சங்கை எடுத்தால் அது திருட்டா? ஓடுகிற மீன் யாருடைய கைவசத்திலும் இல்லை, வலையில் விழுகிற வரைக்கும் அது யாருக்கும் சொந்தமில்லை. அதைப் பிடித்தால் திருட்டு ஆகாது. சங்கு அப்படி இல்லை. கிட்டத்தட்ட ஓரிடத்தில் கிடப்பது. அந்தப் படுகையைத் தொன்றுதொட்டு ஒருவர் தன் ஆதிக்கத்தில் வைத்து, குத்தகைக்கு விட்டு அனுபவித்து வந்தால், சங்கு அவர் கைவசத்தில் இருப்பதாகத்தானே அர்த்தம்? இது குற்றவியல் பகுதி. அப்புறம் இரண்டாவது கேள்வி: கரையிலிருந்து அவ்வளவு தள்ளி நடந்ததை விசாரிக்க இங்கே இருக்கிற நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா? பாக் விரிகுடா திறந்த கடல் இல்லை, இருபுறமும் நிலம் சூழ்ந்தது, கரையில் இருப்பவர்கள் பல நூற்றாண்டாக அனுபவித்து வருவது என்று நீதிமன்றம் பார்த்தது. இது பன்னாட்டுச் சட்டப் பகுதி. 'வரலாற்று நீர்ப்பரப்பு' என்று இன்றைக்கு நாம் படிப்பதன் வேர் அங்கே இருக்கிறது. ஒரு சங்கில் இரண்டு தாளும் அடங்கிவிட்டன, பாருங்கள்.

அதையே 2012-க்குக் கொண்டுவாருங்கள். கேரளக் கரைக்கு அப்பால், ஏறக்குறைய 20.5 கடல் மைல் தூரத்தில், எண்ணெய்க் கப்பலில் இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டு இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். 12 கடல் மைலைத் தாண்டிய இடம். கேரளப் போலீஸ் விசாரிக்கலாமா என்றால், மாநிலத்துக்கு அங்கே அதிகாரம் இல்லை, மத்திய அரசுக்குத்தான் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பன்னாட்டுத் தீர்ப்பாயம் 2020-இல், வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு (அதாவது இந்திய நீதிமன்றம் அவர்களை விசாரிக்க முடியாது), ஆனால் இந்தியாவுக்கு இழப்பீடு தர வேண்டும் என்றது. 10 கோடி ரூபாய் கட்டிய பிறகு 2021-இல் இங்கே வழக்கு முடிந்தது. சங்கு வழக்கையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால், நூறு வருட இடைவெளியில் கடல்மீது ஒரு நாட்டின் அதிகாரம் எப்படி வரையறுக்கப்பட்டது என்பது உங்களுக்கே விளங்கும்.

குற்றவியலில் ஒன்றைக் கவனியுங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 511 பிரிவு 358 ஆனது. திருட்டுக்கான பழைய 378 இப்போது 303, கொலைக்கான பழைய 300 இப்போது 101, பலர் ஒரே நோக்கத்தோடு சேர்ந்து செய்வதற்கான பழைய 34 இப்போது 3(5). பழைய புத்தகத்தை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று வாங்கி ஏமாறாதீர்கள். ஆனால் வழக்குகள் எல்லாம் பழைய எண்ணில்தான் இருக்கின்றன. அதனால் ஒரு நோட்டில் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் பழைய எண், வலப்பக்கம் புதிய எண் என்று நீங்களே கையால் எழுதுங்கள். அச்சிட்ட அட்டவணை கிடைக்கும், அது வேண்டாம். கையால் எழுதினால்தான் நிற்கும்.

ஒப்பந்தமும் தீங்கியலும் எளிதான பகுதிகள், மதிப்பெண்ணும் நன்றாக வரும். வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்கிய படகு, பிடிப்பை அவருக்கே போட வேண்டும், அவர் சொன்னதுதான் விலை என்ற பழக்கம் உங்கள் தெருவில் இருக்கும். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 27 தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அப்படியானால் இது செல்லாதா? அவசரப்படக் கூடாது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது 'எனக்கு மட்டும்' என்று கட்டுப்படுத்துவது பொதுவாகத் தடை ஆகாது என்று 1995-இல் கோகோ கோலா வழக்கில் வந்திருக்கிறது. பிரிவு 16, அதாவது செல்வாக்கைத் தப்பாகப் பயன்படுத்துவது, அந்த வழியில் போனால் இடம் இருக்கிறது. தீங்கியலுக்கு இறால் பண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். பண்ணையின் உப்புத் தண்ணீர் பக்கத்துக் கிணற்றில் இறங்குகிறது. 1868-இன் ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெச்சர் வழக்கும் தேக்கி வைத்த தண்ணீர் தப்பித்துப் போன கதைதான். அங்கிருந்து, ஆபத்தான தொழில் நடத்துகிறவர் எந்த விலக்கும் இல்லாமல் பொறுப்பேற்க வேண்டும் என்ற 1987 எம்.சி. மேத்தா வழக்கின் முழுப் பொறுப்புக்கும், 1996-இல் கடலோர இறால் பண்ணைகள் பற்றிய ஜெகந்நாத் தீர்ப்புக்கும் வரிசையாக வரலாம்.

தேர்வு அறையைப் பற்றி. ஒவ்வொரு தாளிலும் எட்டுக் கேள்வி, இரண்டு பகுதி, ஐந்துக்கு எழுத வேண்டும். முதலாவதும் ஐந்தாவதும் கட்டாயம், அவற்றில் 10 மதிப்பெண்ணுக்கு ஐந்து சின்னக் கேள்விகள், 150 சொல் வீதம். மூன்று மணி நேரத்தில் 250 மதிப்பெண் என்றால் ஒரு பத்து மதிப்பெண்ணுக்கு ஏழு நிமிடம். அதற்குள் விதி, வழக்கு, பொருத்தம் மூன்றும் வர வேண்டும். முன்னுரை எழுத நேரமில்லை. பொது அறிவுத் தாளில் எழுதுவது போல ஆளுநர் பற்றி 'கூட்டாட்சிக்கு நல்லிணக்கம் தேவை' என்று முடித்தால் இங்கே மதிப்பெண் விழாது. மசோதாவுக்கு ஒப்புதல் தருவது பற்றிய பிரிவு 200, 201, தமிழ்நாடு அரசு வழக்கில் 2025 ஏப்ரல் தீர்ப்பு என்ன காலக்கெடு வைத்தது, அதே வருடம் நவம்பரில் குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விக்கு ஐந்து நீதிபதிகள் ஏன் அப்படிக் காலக்கெடு வைக்க முடியாது என்றார்கள், இதெல்லாம் வேண்டும்.

சட்டப் பின்னணி இல்லாதவருக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தால் ஆறு மாதம் ஆகும். வரிசை: அரசியலமைப்பு, ஒப்பந்தம், தீங்கியல், குற்றவியல், பன்னாட்டுச் சட்டம், கடைசியில் மற்றவை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு புத்தகம் போதும். அதோடு சட்டத்தின் மூலநூலை, நாங்கள் பேர் ஆக்ட் என்போம், கையில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் ஒரு பிரிவு வந்ததும் பேர் ஆக்ட்டைத் திறந்து அதன் வார்த்தைகளைப் படிக்க வேண்டும். 'அல்லது', 'ஆனால்', 'உட்பட்டு' இந்த மாதிரிச் சின்னச் சொல்லில்தான் வழக்கே நிற்கும். உச்ச நீதிமன்ற இணையதளத்தில் தீர்ப்புகளில் ஒரு பகுதி தமிழாக்கத்தோடு கிடைக்கிறது. முதலில் தமிழில் படித்துவிட்டு அதையே ஆங்கிலத்தில் படியுங்கள், சொற்கள் பழகிவிடும். பத்து வருடக் கேள்வித்தாளையும் முதல் வாரமே பதிவிறக்கிச் சுவரில் ஒட்டுங்கள்.

பணம் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்கும் 1,000 பேரைத் தேர்வு வைத்து எடுத்து, மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் தருகிறார்கள். முதல்நிலையில் தேறினால் 25,000 ரூபாய். மீன்வளத் துறை வழியாக மீனவர் குடும்பப் பட்டதாரிகளுக்குக் குடிமைப் பணிப் பயிற்சி உண்டு, ராமநாதபுரம் மீன்வள அலுவலகத்தில் போய் விண்ணப்பம் எப்போது என்று கேட்டு வையுங்கள். உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலில் ஓ.பி.சி. என்றால் 35 வயது வரைக்கும் ஒன்பது வாய்ப்பு இருக்கிறது. மாநிலச் சான்றிதழ் அங்கே செல்லாது, மத்திய அரசுப் படிவத்தில் தனியாக வாங்க வேண்டும். இதை விட்டுக் கடைசி நேரத்தில் தாலுகா ஆபீஸுக்கு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 முதன்மைத் தேர்வில் விருப்பப் பாடமே கிடையாது. இரண்டையும் சேர்த்து எழுத நினைத்தால் சட்டத்துக்குப் போடும் உழைப்பில் அரசியலமைப்புப் பகுதி மட்டும்தான் அங்கே கைகொடுக்கும்.

இப்போதே முடிவு எடுக்க வேண்டாம். ஆறு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று வாரம் அடிப்படை உரிமைகள் மட்டும், ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு முழுசாக. அடுத்த மூன்று வாரம் திருட்டு பற்றிய பிரிவும் கடல் சட்டமும், சங்கு வழக்கோடு. புரியாத சொல்லுக்கு அடியில் கோடு போட்டுக்கொண்டே போங்கள், நிற்காதீர்கள். ஆறாவது வாரக் கடைசியில் கடிகாரத்தை வைத்து இந்த ஒரு கேள்விக்கு 150 சொல்லில் பதில் எழுதுங்கள்: 'கடல் அட்டை கடலடியில் மெல்ல நகரும் உயிரினம். யாருக்கும் குத்தகைக்கு விடாத இடத்தில் ஒருவர் அதை எடுத்தால் அது திருட்டா?' அட்டை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, எடுத்தாலே அந்தச் சட்டப்படி குற்றம் என்பது உங்களுக்கே தெரியும். கேள்வி அது இல்லை. திருட்டா என்பதுதான் கேள்வி.

எழுதி அனுப்புங்கள். தமிழில் இருந்தாலும் சரி, ஆங்கிலத்தில் இருந்தாலும் சரி, எழுத எத்தனை நிமிடம் ஆனது என்று மேலே குறித்துவிடுங்கள். திருத்தி அனுப்புகிறேன். சட்டம் எடுக்கலாமா என்று அதைப் பார்த்துவிட்டு மறுபடி பேசுவோம்.

அன்புடன்,
அக்கா